நலங்கு மாவில் வண்டு, சோப்பில் ஆரத்திச் சிவப்பு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு எல்லாம் வாங்கி மொட்டைமாடியில் காயவைத்து மில்லில் நலங்கு மாவு அரைத்தேன். இரண்டே மாதத்தில் வண்டு. புழுங்கின வாடையும் அடிக்கிறது. எங்கே தவறு? அளவும் சொல்லுங்கள்.
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: முதலில் அளவு. பச்சைப்பயறு அரை கிலோ, கடலைப்பருப்பு 100 கிராம். ஆவாரம்பூ, பன்னீர் ரோஜா இதழ், பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள் தலா 50 கிராம். கோரைக்கிழங்கு, வெட்டிவேர் தலா 25 கிராம். வெட்டிவேரை விரல்கணு நீளத்துக்கு நறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மில்லில் சுற்றிக்கொள்ளும். கிழங்குகளை ஒன்றிரண்டாக இடித்துக் கொடுங்கள்.

வாடைக்குக் காரணம் ஈரம். நடுப்பகலில் மொறுமொறுவென்று இருக்கும் ஆவாரம்பூ, கடற்காற்று வீச ஆரம்பித்ததும் ஈரத்தை இழுத்துச் சாயங்காலத்துக்குள் துவண்டுவிடும். வெயில் இறங்கும்வரை மாடியில் விடாதீர்கள். முன்னதாகவே எடுத்து, சூடு தணிந்ததும் டப்பாவில் அடைத்துவிடுங்கள். கசக்கினால் இதழ் தூளாக வேண்டும், பயறு பல்லில் 'கடக்'கென்று உடைய வேண்டும். அந்தப் பதம் வரும்வரை மில்லுக்குப் போக வேண்டாம்.

மில்லிலிருந்து மாவு நல்ல சூட்டோடு வரும். அப்படியே டப்பாவில் போட்டு மூடினால் ஆவி மூடியில் வியர்த்து மாவிலேயே சொட்டும். துணியில் பரப்பி, அடிவரை ஆறிய பிறகுதான் அடைக்க வேண்டும். வண்டு பெரும்பாலும் பயறோடு முட்டையாகவே வீட்டுக்கு வருகிறது. காயவைக்கும் முன் பயறை நான்கு நாள் ஃப்ரீசரில் வைத்தெடுங்கள். அரைத்ததில் ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வெளியே வைத்து, மீதியைக் காற்றுப்புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். அதை வெளியே எடுத்தால் குளிர்ச்சி போன பிறகே திறக்க வேண்டும். குளியலறைக்குள் டப்பா போகவே கூடாது. இரண்டு ஸ்பூன் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போய்க் குழைத்துக்கொள்ளுங்கள், மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். மிளகாய் அரைத்த கையோடு உங்கள் மாவைப் போட்டுவிடாமல் மில்லில் சொல்லி வைப்பதும் முக்கியம். முகம் எரிந்த பிறகு அந்த மாவைச் சரிசெய்ய வழியில்லை.

கார்போக அரிசி என்ற மூலிகை விதையை மேலே சொன்ன அளவில் வேண்டுமென்றேதான் சேர்க்காமல் விட்டிருக்கிறோம். நாட்டு மருந்துக் கடையில் நலங்கு மாவு சாமான் என்று கேட்டால் அதையும் சேர்த்தே மடித்துத் தரும் வழக்கம் உண்டு. அதிலுள்ள சோரலென் என்ற பொருள் தோலை வெயிலுக்குக் கூச்சப்பட வைக்கும். வெண்புள்ளிக்கு அது மருந்தாவதே இந்தக் குணத்தால்தான். மருத்துவர் பார்த்து அளவு சொல்ல வேண்டிய பொருள் அது. காலையில் பூசிக் குளித்துவிட்டு ஸ்கூட்டியில் வெயிலில் போகிறவர்களுக்கு முகம் கருத்துத் திட்டுத்திட்டாகிவிடலாம். குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

கேள்வி: தேங்காய் எண்ணெய் சோப்பில் மஞ்சள் தூள் போட்டேன். கலக்கியதும் ரத்தச் சிவப்பாகிவிட்டது. தூக்கிப் போட்டுவிடலாமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: போட வேண்டாம். மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி சிவக்கிறதல்லவா, அதேதான் இது. எண்ணெயைச் சோப்பாக்கப் போடும் காஸ்டிக் சோடாவும் சுண்ணாம்பைப் போலக் காரத்தன்மை உள்ளது. சோப்பு ஆற ஆறச் சிவப்பு தணிந்து செங்கல் நிறத்துக்கும் ஆரஞ்சுக்கும் வரும். பழைய மஞ்சள் திரும்பாது.

நிறத்தைவிட எங்களுக்குக் கவலை உங்கள் அளவுதான், கடிதத்தில் அது இல்லை. 500 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 73 கிராம் காஸ்டிக் சோடா, 170 கிராம் தண்ணீர், ஒரு டீஸ்பூன் மஞ்சள். இந்தக் கணக்கில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் சோப்பாக மாறாமல் நிற்கும். அது இல்லாவிட்டால் வெறும் தேங்காய் எண்ணெய் சோப்பு தோலை வறட்டிவிடும். எல்லாமே கிராம், எண்ணெய் உட்பட. அரை லிட்டர் எண்ணெய் 460 கிராம்தான் இருக்கும். லிட்டர் கணக்கில் ஊற்றியிருந்தால் காரம் கூடியிருக்கும்.

காஸ்டிக் சோடாவைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். அதன் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகாது, எவர்சில்வர் வேண்டும். கண்ணாடியும் கையுறையும் போடாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். குழந்தைகள் அடுத்த அறையில் இருந்தால் போதாது, வீட்டிலேயே இல்லாத நேரம் பாருங்கள். தேங்காய் எண்ணெய் சோப்பு வேகமாக இறுகும். அன்றைக்கே வில்லை போட்டுவிடுங்கள், மறுநாள் கத்தி வைத்தால் பொடிந்து உதிரும். பிறகு நிழலில், காற்றோட்டமாக, நான்கு முதல் ஆறு வாரம். போர் தண்ணீரில் மற்ற சோப்பு திரிந்து நிற்கும் வீடுகளிலும் இது நுரைக்கும்.

கேள்வி: கற்றாழை ஜெல்லில் இரண்டு வைட்டமின் ஈ மாத்திரை கலந்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். இரண்டு வாரத்தில் கரும்புள்ளி. வைட்டமின் ஈ கெடாமல் காக்காதா?
– வாசகி, வேளச்சேரி

பதில்: அது எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் காக்கும். பூஞ்சைக்கும் கிருமிக்கும் அதனால் ஒன்றும் ஆகாது. கற்றாழை பெரும்பாலும் தண்ணீர். ஃப்ரிட்ஜில் ஐந்து நாள்தான் அதன் ஆயுள். புள்ளியை வழித்துவிட்டு மீதியைப் பூசிக்கொள்ளக் கூடாது, பூஞ்சை கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் இறங்கியிருக்கும். மடலை வெட்டியதும் 15 நிமிடம் நிறுத்தி வைத்து மஞ்சள் பாலை வடியவிடுங்கள், அரிப்பைத் தருவது அந்தப் பால்தான். சதையை அலசி, அரைத்து, ஐஸ் தட்டில் ஊற்றி உறையவையுங்கள். ஒரு வேளைக்கு ஒரு கட்டி.

கேள்வி: குளிக்கும் தண்ணீரில் போட்டால் பொங்கிக் கரையும் பாத் பாம் உருண்டை செய்தேன், அச்சிலேயே பொங்கி வெடித்துவிட்டது. எங்கள் வீட்டில் தொட்டி இல்லை, பக்கெட்தான். அதற்கு இது சரிவருமா?
– வாசகர், அண்ணா நகர்

பதில்: வரும். சமையல் சோடா 200 கிராம், சிட்ரிக் ஆசிட் 100 கிராம், கார்ன்ஃப்ளார் 50 கிராம், தேங்காய் எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன். சோடாவும் ஆசிட்டும் தண்ணீரில் சந்திக்க வேண்டியவை. நம் ஊர்க் காற்றின் ஈரமே அவற்றுக்குப் போதும். ஏசி போட்ட அறையில் செய்யுங்கள். தண்ணீரை ஊற்றாமல் ஸ்ப்ரே பாட்டிலில் இரண்டு தடவை மட்டும் அடித்து, உடனே பிசைந்து, ஈர மணல் போலப் பிடி நின்றதும் நிறுத்திவிடுங்கள். பெரிய நெல்லிக்காய் அளவு உருண்டை ஒரு பக்கெட்டுக்குப் போதும். காய்ந்ததும் ஒவ்வொன்றையும் தனித்தனியாக பிளாஸ்டிக்கில் சுற்றி வையுங்கள். குளித்த பிறகு தரையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வாருங்கள், எண்ணெய் படிந்து வழுக்கும்.