இசே ஜிங்குவுக்கு ஒரு நாள் பயணம்: எங்கே தொடங்குவது, எப்படி வழிபடுவது?

ஜப்பானின் இசே நகரிலுள்ள ஷிந்தோ சமயக் கோயிலான இசே ஜிங்குவுக்கு ஒரு நாள் தாராளம். முதலில் வெளிக்கோயிலான கெகூ, பிறகு உட்கோயிலான நைகூ. இந்த வரிசையை மாற்றாதீர்கள். கெகூவில் இருப்பவர் உணவுத் தெய்வம் தொயோஉகே. நைகூவின் சூரிய தேவி அமதெராசுவுக்குத் தினமும் காலை, மாலை அமுது தயாராவது கெகூவில்தான். அதைத் தவிர்த்துவிட்டு நைகூவுக்கு மட்டும் போனால் பாதி தரிசனம்தான். இசேஷி ரயில் நிலையத்திலிருந்து கெகூவுக்கு நடந்தே போகலாம். அங்கிருந்து நைகூவுக்குப் பேருந்தில் சுமார் இருபது நிமிடம்.

தோரி எனும் கோயில் நுழைவு வளைவில் ஒருமுறை குனிந்து வணங்கி நுழையுங்கள். கெகூவில் இடப்பக்கமாகவும் நைகூவில் வலப்பக்கமாகவும் நடக்க வேண்டும்.

கை கழுவும் இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஒரே அகப்பை நீரில் எல்லாம் முடிய வேண்டும். வலக்கையால் மொண்டு இடக்கையைக் கழுவி, கை மாற்றி வலக்கையைக் கழுவுங்கள். மறுபடி மாற்றி, இட உள்ளங்கையில் நீர் ஏந்தி வாய் கொப்பளியுங்கள்; அகப்பையை உதட்டில் வைக்கக்கூடாது. இடக்கையை மீண்டும் கழுவி, அகப்பையை நிமிர்த்தினால் மிச்ச நீர் வழிந்து பிடியும் சுத்தமாகும். முதல் கைக்கே நீரைக் கொட்டிவிட்டால் பிடி கழுவ மிஞ்சாது. நைகூவில் இசுசு ஆற்றங்கரைக் கற்படியிலேயே கை கழுவலாம், அதையே செய்யுங்கள்.

சன்னிதியில் இரண்டு முறை நன்றாகக் குனிந்து, இரண்டு முறை கைதட்டி, கடைசியில் ஒருமுறை குனிய வேண்டும். இசேயில் அடிக்க மணி கிடையாது, குறிச்சீட்டும் கிடையாது. பிரதான சன்னிதியில் நன்றி மட்டும் சொல்வது மரபு. சொந்த வேண்டுதலுக்குத் துணைச் சன்னிதிகள் உண்டு: நைகூவில் அராமத்சுரி நோ மியா, கெகூவில் தாகா நோ மியா.

நைகூவின் கற்படிக்கு மேலே படம் எடுக்கக்கூடாது. மேலே ஏறினாலும் வெள்ளைத் திரையும் கூரை நுனியும்தான் தெரியும், ஏமாற வேண்டாம். அராமத்சுரி நோ மியாவுக்குப் போகும் வழியில் உள்ள மிஷினே நோ மிகுரா என்ற நெற்களஞ்சியம் பிரதான சன்னிதியின் அதே கட்டட மரபில் எழுந்தது. சாயம் பூசாத ஹினோகி (ஜப்பானிய சைப்ரஸ்) மரத்தையும் புல் வேய்ந்த கூரையையும் அங்கே கிட்டத்தில் பார்க்கலாம். பிரதான சன்னிதியின் தூண்களுக்கு அடித்தளக் கல் கிடையாது, நேரே மண்ணில் நடுகிறார்கள், அடி உளுத்துப்போகும். கோயிலை இருபது ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புதிதாக எழுப்புகிறார்கள். கடைசியாக 2013, அடுத்தது 2033. அதுவரை காலியாகக் காத்திருக்கும் அந்த மனையையும் பாருங்கள்.

காலை 5 மணிக்கே திறந்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாலை 5 மணிக்கே மூடிவிடுவார்கள். அந்த மாதங்களில் மதியத்துக்குள் கெகூவை முடித்துவிடுங்கள்.