ரயில் எஞ்சின் கேள்வி பதில்: பால்டுவின் ஏன் காணாமல் போனது?

கேள்வி: ரயில் எஞ்சின் செய்வதற்கென்றே முதன்முதலில் ஆரம்பித்த கம்பெனி எது?

பதில்: ராபர்ட் ஸ்டீபன்சன் அண்ட் கம்பெனி. 1823-ல் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரில் தொடங்கினார்கள். அதற்கு முன்னாலும் எஞ்சின்கள் உண்டு, ரிச்சர்ட் ட்ரெவிதிக் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் 1804-லேயே ஓட்டிக்காட்டிவிட்டார். ஆனால் அவையெல்லாம் சுரங்கத்துப் பட்டறைகளிலும் இரும்பாலைகளிலும் ஒன்றிரண்டாகச் செய்தவை. 1829-ல் ரெயின்ஹில் போட்டியில் ஜெயித்த ராக்கெட் இந்தக் கம்பெனியின் எஞ்சின்தான். 1835-ல் ஜெர்மனியின் நியூரம்பெர்க் - ஃபூர்த் பாதையைத் தொடங்கிவைத்த ஆட்லரும் இங்கிருந்து போனதுதான்.

கேள்வி: அமெரிக்காவின் பால்டுவின், ஆல்கோ, பிரிட்டனின் நார்த் பிரிட்டிஷ் என்று நீராவி காலத்தில் கொடிகட்டிப் பறந்த கம்பெனிகள் டீசல் வந்ததும் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டனவே, அவர்களுக்கு டீசல் எஞ்சின் செய்யத் தெரியாதா?

பதில்: பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள், ஆனால் தெரியாமல் இல்லை. ஆல்கோ 1920-களிலேயே டீசல் எஞ்சின் தயாரிப்பில் பங்கெடுத்த கம்பெனி. பால்டுவினும் அதே காலத்தில் டீசலைச் சோதித்துப் பார்த்தது. காலை வாரிவிட்டது அவர்கள் வியாபாரம் செய்த விதம்.

நீராவி எஞ்சின் என்பது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. பாதையில் ஏற்றம் எவ்வளவு, தண்டவாளம் எவ்வளவு எடை தாங்கும், கிடைக்கும் நிலக்கரி எப்படிப்பட்டது என்பதையெல்லாம் பார்த்து ஒவ்வொரு ரயில்வேயும் தனக்கென்று ஒரு வடிவம் கேட்கும், கம்பெனியும் கேட்டபடி செய்து கொடுக்கும். பிலடெல்பியாவில் தொடங்கிய பால்டுவின் இப்படியே 70,000-க்கும் மேற்பட்ட எஞ்சின்களைச் செய்தது. அதற்கேற்ற ஆட்கள், அதற்கேற்ற இயந்திரங்கள், அதற்கேற்ற பழக்கம்.

ஜெனரல் மோட்டார்ஸ் இதைத் தலைகீழாகச் செய்தது. அதன் எலெக்ட்ரோ-மோட்டிவ் கிளை 1939-ல் எஃப்.டி. என்ற மாதிரி டீசல் எஞ்சினை வெளியே விட்டது. நான்கு பகுதிகளைச் சேர்த்துக் கட்டிய அந்த எஞ்சினுக்கு மொத்தம் 5,400 குதிரைத்திறன். அதை 20 ரயில்வேக்களின் பாதைகளில் 83,000 மைலுக்கு மேல் ஓட்டிக்காட்டினார்கள். சோதனை முடிந்ததும் அவர்கள் சொன்னது, 'எங்களிடம் இருப்பது இதுதான், இதே எஞ்சின்தான் எல்லோருக்கும்' என்பதுதான். உள்ளே இருந்தது 567 வகை டீசல். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 567 கன அங்குலம், அதனால் அந்தப் பெயர். பிஸ்டன், லைனர், ஹெட் என்ற சிலிண்டர் பாகங்கள் தேய்ந்தால் கழற்றிவிட்டு வேறு செட்டைப் போட்டு எஞ்சினை மறுபடி ஓடவிடலாம், எந்த ரயில்வேயாக இருந்தாலும் அதே உதிரிபாகம். நீராவி எஞ்சினுக்குப் பட்டறையிலேயே அடித்து, கடைந்து, பொருத்திப் பழகியவர்களுக்கு இது வேறு உலகம்.

இன்னொரு விஷயமும் உண்டு, என் பார்வையில் அதுதான் பெரிய அடி. இந்த எஞ்சின்களில் டீசல் நேரடியாகச் சக்கரத்தைச் சுற்றுவதில்லை. டீசல் ஜெனரேட்டரைச் சுற்றும், அந்த மின்சாரத்தில் மோட்டார்கள் சக்கரத்தைச் சுற்றும். ஆக, பாதி எஞ்சின் மின்சாரச் சாமான். பால்டுவின் அதற்கு வெஸ்டிங்ஹவுஸை நம்பியிருந்தது, ஆல்கோ ஜெனரல் எலெக்ட்ரிக்கை. வெஸ்டிங்ஹவுஸ் 1950-களில் அந்தத் தொழிலிலிருந்து விலக, பால்டுவின் 1956-ல் ரயில் எஞ்சின் செய்வதை நிறுத்திவிட்டது. ஜெனரல் எலெக்ட்ரிக் 1953-ல் ஆல்கோவுடனான கூட்டை முறித்துக்கொண்டு, அப்புறம் அதே சந்தையில் சொந்த எஞ்சினோடு இறங்கியது. சாமான் கொடுத்தவரே போட்டியாளராக வந்து நின்றால் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும்? 1969-ல் ஆல்கோ எஞ்சின் செய்வதை விட்டுவிட்டது. கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் ஜெர்மன் உரிமத்தில் டீசல் செய்து பார்த்தது, அவை அடிக்கடி பழுதாகிப் பெயரைக் கெடுத்தன, 1962-ல் கதை முடிந்தது.

கேள்வி: பிரிட்டிஷ் ரயில்வேக்கள் குரூ, ஸ்விண்டன் என்று சொந்தப் பட்டறைகளிலேயே எஞ்சின் செய்துகொண்டன. பிறகு தனியார் கம்பெனிகள் அங்கே எப்படிப் பிழைத்தன?

பதில்: ஏற்றுமதியால்தான். அதோடு, ரயில்வே பட்டறைகள் வெளியாருக்கும் எஞ்சின் விற்க ஆரம்பித்தால் பிழைப்பு போய்விடும் என்று தனியார் கம்பெனிகள் ஒன்றுகூடி வழக்குப் போட்டன. குரூ பட்டறை வேறொரு ரயில்வேக்கு எஞ்சின் செய்து கொடுத்ததுதான் காரணம். 1876-ல் தடை உத்தரவும் வாங்கினார்கள். மான்செஸ்டரின் பேயர்-பீகாக் (Beyer, Peacock) கம்பெனி இந்த ஏற்றுமதிக்கு நல்ல உதாரணம். நடுவில் பாய்லர், முன்னும் பின்னும் இரண்டு தனி எஞ்சின் பகுதிகள் என்று இருக்கும் காரட் (Garratt) வகையை முதன்முதலில் 1909-ல் டாஸ்மேனியாவுக்குச் செய்து அனுப்பினார்கள். அதன் பிறகு ஆப்பிரிக்காவில் அது பெரிய அளவில் ஓடியது. வளைவும் ஏற்றமும் நிறைந்த குறுகிய பாதைக்கு அதைவிடப் பொருத்தமான நீராவி எஞ்சின் கிடையாது என்பது என் கட்சி.

கேள்வி: அருங்காட்சியகத்தில் நிற்கும் பழைய எஞ்சின் எந்தக் கம்பெனி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: தகட்டைத் தேடுங்கள். எஞ்சினின் முன்பக்கம் புகைபோக்கிக்குக் கீழே இருக்கும் உருளைப் பகுதியின் பக்கவாட்டிலோ, டிரைவர் நிற்கும் கேபின் பக்கத்திலோ ஒரு உலோகத் தகடு இருக்கும். கம்பெனி பெயர், வரிசை எண், வருடம் எல்லாம் அதிலேயே வார்த்திருப்பார்கள். தகட்டின் வடிவமும் துப்பு கொடுக்கும். வைர வடிவம் என்றால் கிளாஸ்கோவின் டப்ஸ் கம்பெனியாக இருக்கலாம். 1903-ல் அது நார்த் பிரிட்டிஷில் சேர்ந்த பிறகும் அந்த வடிவம் தொடர்ந்தது. ஒரே எச்சரிக்கை, பாய்லரில் இருக்கும் எண்ணை எஞ்சினின் எண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரிய பராமரிப்பின்போது பாய்லரை ஒரு எஞ்சினிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது சாதாரணமாக நடந்த வேலை.

கேள்வி: இன்று களத்தில் யார் யார்? பழைய பெயர்கள் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

பதில்: அளவில் பெரியது சீனாவின் சி.ஆர்.ஆர்.சி., 2015-ல் இரண்டு அரசுக் கம்பெனிகளை இணைத்து உருவாக்கியது. அதன் டாடோங் ஆலையில் 1988 வரை நீராவி எஞ்சின் செய்துகொண்டிருந்தார்கள் என்றால் நம்பச் சிரமம்தான். ஐரோப்பாவில் சீமென்ஸ், ஸ்டாட்லர், 2021-ல் பம்பார்டியரின் ரயில் பிரிவை வாங்கிய ஆல்ஸ்டம். சீமென்ஸின் மியூனிக் ஆலை முன்பு கிராவுஸ்-மாஃபை என்ற பழைய எஞ்சின் கம்பெனியின் ஆலை. எலெக்ட்ரோ-மோட்டிவ் 2010 முதல் கேட்டர்பில்லரின் கையில் இருக்கிறது. ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ரயில் பிரிவு 2019-ல் வாப்டெக் என்ற அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்தது, அந்த வாப்டெக்கின் வேர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் தொடங்கிய ஏர்பிரேக் கம்பெனி. ஆல்கோவின் பெயர் போனாலும் வடிவம் போகவில்லை. 1960-களில் அதன் உரிமத்தில் டீசல் செய்யத் தொடங்கிய வாரணாசி ஆலை, ஆல்கோ கடையைக் கட்டிய பிறகும் அந்த வழியில் வந்த எஞ்சின்களைப் பல பத்தாண்டுகள் செய்துகொண்டிருந்தது.