மோர்ஸ் தெரியாதவர் ஹாம் இல்லையா?

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், பொழுதுபோக்காக வானொலியில் பேசுகிற ஹாம் ரேடியோ உரிமம் எடுக்க ஆசை. புள்ளி, கோடு ஒலிகளால் எழுத்துகளை அனுப்பும் மோர்ஸ் இல்லாத ரெஸ்ட்ரிக்டட் கிரேடு (தொடக்க நிலை உரிமம்) தேர்வை எழுதலாம் என்றிருந்தோம். நாற்பது வருடமாக ஹாமாக இருக்கிற அவள் பெரியப்பா, "மோர்ஸ் தெரியாதவர்களுக்கு உரிமமே தரக்கூடாது" என்கிறார். பிள்ளை சோர்ந்துபோய்விட்டாள். தேர்வில் மோர்ஸ் இருந்தே தீர வேண்டுமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம் என்பதுதான் என் கருத்து. மோர்ஸை உயிராக நினைக்கிற ஒருவன்தான் இதைச் சொல்கிறான் என்று பெரியப்பாவிடமும் சொல்லுங்கள்.

மோர்ஸ் கட்டாயம் என்ற விதி ஏன் வந்தது? ஒரு காலத்தில் கப்பல்கள் ஆபத்தில் கூப்பிட்டது மோர்ஸில்தான். நாம் ஆசைக்குப் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு கடற்கரை நிலையம் 'இடத்தைக் காலி செய்' என்று தட்டினால் நமக்குப் புரிய வேண்டுமல்லவா, அதனால் 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இயங்க மோர்ஸ் தெரிந்திருக்க வேண்டும் என்று உலக விதி இருந்தது. 1999 பிப்ரவரியோடு கப்பல்களே புது முறைக்கு மாறிவிட்டன. 2003-ல் ஜெனீவாவில் கூடிய உலக ரேடியோ மாநாடு, அந்தந்த நாடே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டது. பிரிட்டன் அந்த வருடமே தேர்வைக் கைவிட்டது, அமெரிக்கா 2007-ல். நம் நாட்டில் 2009 திருத்தத்துக்குப் பின் இரண்டே கிரேடு: ரெஸ்ட்ரிக்டடுக்கு மோர்ஸ் இல்லை, அதற்கு மேலான ஜெனரலுக்கு நிமிடத்துக்கு 8 வார்த்தை மோர்ஸ்.

ஐந்து எழுத்தை ஒரு வார்த்தையாகக் கணக்கிடுவார்கள், ஆக ஒன்றரை வினாடிக்கு ஓர் எழுத்து. வீட்டில் சுலபம். தேர்வறையில் பென்சிலோடு உட்கார்ந்தபோது நான் ஒரு எழுத்தை விட்டேன், அது எஃப்-ஆ, எல்-ஆ என்று யோசித்துக்கொண்டிருந்ததில் அடுத்த நான்கும் போய்விட்டன. அடுத்த முறை எழுதித் தேறினேன். ஆனால் என்னோடு எழுதிய நண்பர், தன் கையாலேயே ஆண்டெனா கட்டி அளந்து சரிசெய்யக்கூடியவர், காது கொஞ்சம் மந்தம், மூன்று முறை தோற்றுப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. அவர் வராமல்போனது நமக்குத்தான் நஷ்டம், இன்றும் அதை நினைத்தால் மனசு ஆறாது.

2004 சுனாமியில் அந்தமானுக்குத் தொடர்பு அறுந்துகிடந்தபோது போர்ட் பிளேரிலிருந்து பாரதி பிரசாத்தும் உடனிருந்த ஹாம்களும் செய்தி அனுப்பினார்களே, அங்கே தேவைப்பட்டது ஓடுகிற ரேடியோவும், மின்சாரமும், ஆள் பெயரையும் ஊர் பெயரையும் பிழையில்லாமல் வாங்கி எழுதுகிற பொறுமையும். தேர்வில் சோதிக்க வேண்டியது இவற்றைத்தான்.

கேள்வி: இப்போது எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறை இருக்கிறது, கம்ப்யூட்டரே எல்லாம் செய்கிறது. அப்புறம் மோர்ஸ் எதற்கு?
- வாசகர், கோவில்பட்டி

பதில்: காதுக்கே எட்டாத சிக்னலையும் எஃப்டி8 பிடித்துவிடும், உண்மைதான். 2017-ல் அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜோ டெய்லர் இயற்பியல் நோபல் வாங்கியவர், சும்மா இல்லை. ஆனால் அதற்குக் கம்ப்யூட்டர் வேண்டும், கடிகாரம் வினாடி பிசகாமல் ஓட வேண்டும். மோர்ஸுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு 7030 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல், உள்ளங்கையில் அடங்குகிற சில உதிரி பாகங்கள் போதும். நானே சால்டர் செய்த அப்படி ஒரு பெட்டியில் ஒரு வாட்டுக்கும் குறைவாகத் தட்டி, கொழும்பிலிருந்து பதில் வந்த ராத்திரி நான் தூங்கவே இல்லை.

கற்பதென்றால் புள்ளி, கோடு அட்டவணையை மனப்பாடம் செய்யாதீர்கள். மிருதங்கம் பழகும் பிள்ளை 'தகதிமி'யை எண்ணிப் பார்ப்பதில்லை, வாயில் சொல்லியே பிடித்துக்கொள்கிறது. அப்படித்தான் 'டா-டா-டி-டா' என்று கேட்டதும் கை கியூ என்று எழுத வேண்டும். எழுத்தை 18 வார்த்தை வேகத்திலேயே கேளுங்கள், எழுத்துக்கு எழுத்து இடைவெளியை மட்டும் நீட்டிக்கொள்ளுங்கள். தினம் பதினைந்து நிமிடம் போதும். திண்டுக்கல் பிள்ளைக்கும் இதையே சொல்கிறேன்: முதலில் ரெஸ்ட்ரிக்டடை எழுதிவிடு, வியூ3 (VU3) என்று தொடங்கும் கால் சைன், அதாவது ரேடியோவில் உன் அடையாளப் பெயர், வரட்டும், அப்புறம் பெரியப்பாவிடம் மோர்ஸ் தட்டும் ஒரு பழைய கீயைக் கேட்டு வாங்கிக்கொள்.