ஆகஸ்டில் மசாய் மாரா போகக் கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 44. ஈரோட்டில் தனியார் நிறுவனத்தில் வேலை. மனைவி வீட்டைக் கவனித்துக்கொள்கிறார். மகள் ஜூனில் எட்டாம் வகுப்புக்குப் போகிறாள். கென்யாவில் வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான் இனத்தின் கூட்டம் ஆற்றைக் கடப்பதை நேரில் பார்க்க வேண்டும் என்பது மூவருக்கும் நெடுநாள் ஆசை. ஒரு டூர் ஏஜென்ட் ஆகஸ்ட் இரண்டாவது வாரத்துக்கு எட்டு நாள் பேக்கேஜ் சொல்கிறார்: அம்போசெலி, நகுரு ஏரி, மசாய் மாரா என்று மூன்று வனவிலங்குப் பூங்காக்கள். மூவருக்கும் சேர்த்து 11 லட்சம். "அந்த வாரம் கிராஸிங் கேரண்டி" என்கிறார். இதற்கென 4.6 லட்சம் சேர்த்திருக்கிறேன். மாதம் 25,000 போட்டு வருகிறேன்; அதற்காக மகள் படிப்புக்கான 7,000 ரூபாய் எஸ்.ஐ.பி.யை (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் தொகையை) ஆறு மாதமாக நிறுத்தி வைத்திருக்கிறேன். மீதி 6.4 லட்சத்துக்கு 14% வட்டியில் மூன்று ஆண்டு பர்சனல் லோன் எடுப்பதா, அவசரத்துக்கு வைத்திருக்கும் 5 லட்சம் எஃப்.டி.யை உடைப்பதா, அல்லது நகையை அடகு வைப்பதா?

பதில்: மூன்றும் வேண்டாம். ஆனால் பயணம் வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பர் கடைசியில், காலாண்டு விடுமுறையில் போங்கள். ஒரு ரூபாய் கடன் இல்லாமல் போகலாம், எஸ்.ஐ.பி.யையும் இந்த மாதமே மறுபடி தொடங்கலாம்.

முதலில் அந்த "கேரண்டி". அதை யாராலும் கொடுக்க முடியாது. லட்சக்கணக்கான வில்டபீஸ்ட்டும் கூடவே வரிக்குதிரைகளும் மழை எங்கே பெய்கிறதோ, புல் எங்கே துளிர்க்கிறதோ அந்தத் திசையில் நடக்கின்றன. ஜனவரி முதல் மார்ச் வரை தான்சானியாவில் செரெங்கெட்டி பூங்காவின் தெற்கே, ந்டுட்டு என்ற இடத்தின் பக்கம் இருக்கும். கன்று ஈனுவது அங்கேதான், பெரும்பாலும் பிப்ரவரியில். ஏப்ரல், மே பெருமழையில் வடமேற்காக நகர ஆரம்பிக்கும். ஜூன் வாக்கில் குருமெட்டி ஆறு. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை வட செரெங்கெட்டியிலும் அதற்கு மேலே கென்யாவின் மசாய் மாராவிலும் இருக்கும். நவம்பர் சிறுமழை தொடங்கியதும் மறுபடி தெற்கே திரும்பிவிடும். இது பொதுவான போக்கு, அவ்வளவுதான். மழை முன்னே பின்னே ஆனால் கூட்டமும் முன்னே பின்னே ஆகும்.

ஆற்றங்கரைக்கு வந்தபிறகும் அப்படித்தான். நூற்றுக்கணக்கில் கரையில் திரண்டு நிற்கும். முன்னால் நிற்பது தண்ணீரைப் பார்க்கும், பின்வாங்கும். பின்னால் நிற்பது நெட்டித் தள்ளும். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பீர்கள். பிறகு ஒரு வரிக்குதிரை மிரண்டு ஓட, மொத்தக் கூட்டமும் திரும்பிப் போய்விடும். அடுத்த நாள் யாரும் எதிர்பாராத நேரத்தில் திமுதிமுவென்று இறங்கும். நல்ல செய்தி என்னவென்றால், ஒரே கூட்டம் அந்தச் சில மாதங்களில் ஆற்றை இப்படியும் அப்படியுமாகப் பலமுறை கடக்கும். ஆகவே ஆகஸ்ட் இரண்டாவது வாரத்தில் எந்த மாயமும் இல்லை. அது ஐரோப்பியர்களின் கோடை விடுமுறை, கேம்ப் வாடகை உச்சத்தில் இருக்கும், கரையில் வண்டிகள் முண்டியடிக்கும். செப்டம்பர் கடைசியிலும் கூட்டம் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் இருக்கும்.

எனவே, நீங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டியது ஆற்றங்கரையில் காத்திருக்கும் நாட்களை. உங்கள் ஏஜென்ட்டின் திட்டத்தைப் பாருங்கள்: எட்டு நாளில் விமானத்துக்கும் நைரோபிக்கும் போனது போக, அம்போசெலி இரண்டு இரவு, நகுரு ஓர் இரவு என்று வந்தால் மாராவுக்கு முழுதாக இரண்டு நாள் மிஞ்சினாலே அதிகம். அம்போசெலி அருமையான இடம்தான். கிளிமஞ்சாரோவைப் பின்னால் வைத்து யானைகளைப் பார்ப்பது தனி சுகம். அதற்கு இன்னொரு முறை போகலாம். வில்டபீஸ்ட்டுக்காகப் போகிறவர் மூன்று பூங்காவுக்குப் பணத்தைப் பிரித்துப் போட்டால் சாலையில்தான் பொழுது போகும்.

இனி நுழைவுக் கட்டணம். மாராவை நிர்வகிக்கும் நரோக் மாவட்ட அரசு 2024 முதல் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஜனவரியிலிருந்து ஜூன் வரை நாளுக்கு 100 டாலர், ஜூலையிலிருந்து டிசம்பர் வரை 200 டாலர் என்று வாங்குகிறது. 9 முதல் 17 வயதுக்கு 50 டாலர். உங்கள் குடும்பத்துக்கு சீசனில் நாளுக்கு 450 டாலர். டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்தால் 40,500 ரூபாய். நான்கு நாளுக்கு 1.62 லட்சம். இதில் பேரம் பேச இடமில்லை. ஆனால் வீணாக்காமல் இருக்கலாம். ஒரு டிக்கெட் காலை 6 முதல் மாலை 6 வரை, 12 மணி நேரத்துக்கு. வாசலுக்கு வெளியே உள்ள கேம்பில் தங்கினால், நைரோபியிலிருந்து ஐந்தாறு மணி நேரம் சாலையில் வந்து சேரும் முதல் நாள் மாலை உள்ளே போகாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு முழு டிக்கெட் போய்விடும். குளித்து, சாப்பிட்டுத் தூங்குங்கள். உள்ளே தங்குவதாக இருந்தால், கிளம்பும் நாள் காலை 10 மணிக்குள் வெளியேறாவிட்டால் இன்னொரு நாள் கட்டணம் விழும்.

"ஜூனுக்குள் போனால் பாதிக் கட்டணமாச்சே, மே விடுமுறையில் போகலாமே" என்று தோன்றும். சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி போதும் என்றால் போகலாம். நம் கோடை விடுமுறைதான் அங்கே பெருமழைக் காலம், வில்டபீஸ்ட் கூட்டமும் அப்போது எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும். பிப்ரவரியில் கன்று ஈனுவதைப் பார்க்கப் போவதும் நல்ல யோசனையே; எனக்குக் கேட்டால் ஆற்றைவிட அதுதான் பிடிக்கும். ஆனால் பள்ளி நடக்கும் நேரம், தான்சானியாவுக்குத் தனி விசா, அங்குள்ள ங்கோரோங்கோரோ காப்பகத்தின் கட்டணம் வேறு. உங்களுக்கு ஒத்துவராது.

சரி, செலவுக் கணக்கு. ஐந்து இரவு, நான்கு முழு நாள் மாராவில். நான் போடும் தோராயம் இது. கொட்டேஷன் வந்ததும் திருத்திக்கொள்ளுங்கள். மூவருக்கும் விமானம் 1.65 லட்சம். நுழைவு 1.62 லட்சம். கூரை திறக்கும் லேண்ட் க்ரூஸர், ஓட்டுநரோடு ஆறு நாளுக்கு 1.25 லட்சம். சாப்பாட்டோடு நடுத்தரக் கூடார கேம்ப் 1.58 லட்சம். நைரோபி தங்கல் 20,000. கென்யாவின் மின்னணுப் பயண அனுமதி ஆளுக்கு 30 டாலர், ஆக 8,000 சொச்சம். இன்ஷூரன்ஸ், தடுப்பூசி, டிப்ஸ் எல்லாம் 45,000. டூர் நிறுவனம் மூலம் எடுக்கும் பகுதிக்கு 5% ஜி.எஸ்.டி. சுமார் 23,000. மொத்தம் 7.06 லட்சம். டாலர் ஏறினால் தாங்குவதற்கும் சேர்த்து 7.5 லட்சம் என்று இலக்கு வையுங்கள். 2015 நடுவில் 64 ரூபாய் இருந்த டாலர் 2025 நடுவில் 86-ஐத் தொட்டது. ஆண்டுக்கு சராசரி 3% என்றாலும் அது சீராக ஏறாது. சில மாதங்களில் ஒரேயடியாக ஏறிவிடும்.

உங்களிடம் 4.6 லட்சம் இருக்கிறது. மீதிப் பணத்தைப் பெரும்பாலான நிறுவனங்கள் பயணத்துக்கு 45 முதல் 60 நாள் முன்பு கேட்கும், அதாவது அடுத்த ஆண்டு ஜூலையில். அதுவரை 14 மாதம். மாதம் 18,000 ஆர்.டி. போட்டால் 2.52 லட்சம், கையிருப்பை ஒரு வருட எஃப்.டி.யில் போட்டால் இரண்டுக்கும் வட்டி சேர்ந்து 7.5 லட்சத்தை ஒட்டி வந்துவிடும். மீதி 7,000 மகளின் எஸ்.ஐ.பி.க்குத் திரும்பட்டும். "இந்தப் பணத்தை ஸ்மால் கேப் ஃபண்டில் போட்டால் சீக்கிரம் சேருமே" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். கட்ட வேண்டிய தேதி தெரிந்த பணத்தைப் பங்குச் சந்தையில் போடக்கூடாது.

கடன் கணக்கையும் பார்த்துவிடுவோம். 6.4 லட்சம், 14%, 36 மாதம் என்றால் இ.எம்.ஐ. சுமார் 21,900. வட்டி மட்டும் 1.47 லட்சத்துக்கு மேல். நான்கு நாள் மாரா நுழைவுக் கட்டணத்துக்கு அருகில் வருகிற தொகை இது. அதுவும் எஸ்.ஐ.பி. மூன்று வருடம் நின்றபடியே நிற்கும். மகள் பத்தாம் வகுப்பு எழுதும்போதும் இ.எம்.ஐ. ஓடிக்கொண்டிருக்கும். நகைக்கடனில் வட்டி குறைவு, ஆனால் அதுவும் ஊர் சுற்றுவதற்கு வாங்கும் கடன்தான். எஃப்.டி.யை விட்டுவிடுங்கள், ஒருவர் சம்பளத்தில் ஓடும் வீட்டுக்கு 5 லட்சம் அதிகமே இல்லை.

அடுத்த ஆண்டு செப்டம்பரை நான் பிடித்துத் தொங்குவதற்குக் காரணம், அப்போது மகள் ஒன்பதாம் வகுப்பில் இருப்பாள். அதற்கு அடுத்த ஆண்டு பொதுத்தேர்வு வந்துவிடும், அசைய முடியாது. காலாண்டு விடுமுறைத் தேதி முன்பணம் கட்டும்போது தெரியாது என்பதால், ஒரு வாரம் முன்பின் மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் நிறுவனமாகப் பாருங்கள். அந்த நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள். ஜனவரியில் 30% முன்பணம் கட்டினால் போதும்.

வரி விஷயத்தில் ஒன்று. வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு நிறுவனம் டி.சி.எஸ். (பணம் வாங்கும்போதே சேர்த்து வசூலிக்கும் முன்கூட்டிய வருமான வரி) பிடிக்கும். விகிதமும் வரம்பும் 2023-இல் ஒரு முறை, 2025-இல் ஒரு முறை என்று மாறிக்கொண்டே இருப்பதால், பணம் கட்டும் நாளில் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. போனது போனதுதான், டி.சி.எஸ். உங்கள் வருமான வரியில் கழிந்துவிடும். பில்லை உங்கள் பெயரில், உங்கள் பான் எண்ணில் போடச் சொல்லுங்கள். மனைவி பெயரில் போட்டால், வருமானமே இல்லாத அவர் அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். பிடித்த தொகையை அலுவலகத்தில் தெரிவித்தால் சம்பள டி.டி.எஸ்.ஸிலேயே கழித்துக்கொள்வார்கள்.

இன்ஷூரன்ஸில் விமானம் மூலம் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மாராவிலிருந்து நல்ல மருத்துவமனை என்றால் நைரோபிதான். அப்புறம், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கென்யாவிலிருந்து திரும்புபவரிடம் நம் விமான நிலையத்தில் சான்றிதழ் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்க முடியும். கிளம்புவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்பு போட்டிருக்க வேண்டும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும் என்பதால் ஆகஸ்டிலேயே மூவரும் போய் முடித்துவிடுங்கள். சான்றிதழாகத் தரும் மஞ்சள் அட்டையில் பெயரும் எண்ணும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று அங்கேயே சரிபார்த்து வாங்குங்கள்.