ரசத்தில் கரைந்த மாத்திரை

அன்புள்ள ஐயா,

என் தம்பிக்கு 27 வயது. கண்டெய்னர் யார்டில் வேலை. மனம் அளவுமீறி எழுவதும் ஒரேயடியாகச் சோர்வதும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு என்று மூன்று வாரம் மருத்துவமனையில் வைத்திருந்துவிட்டுப் போன மாதம் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கான லித்தியம் மாத்திரையைத் தொடரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு நாள் மாத்திரை வேண்டாம் என்றான். அன்றிலிருந்து அம்மா அதைப் பொடித்து, அவனுக்குத் தெரியாமல் ரசஞ்சோற்றில் கலந்து கொடுக்கிறார். நாங்களும் மாறி மாறிக் காவல் இருக்கிறோம். அவன் பேசுவதையே குறைத்துக்கொண்டான். நாங்கள் செய்வது சரிதானா?

எஸ்., கொருக்குப்பேட்டை

அன்புள்ள எஸ்.,

ரசத்தில் கலப்பதை இன்றே நிறுத்துங்கள், மாத்திரையை அல்ல. லித்தியத்தில் மெதுவாகக் கரையும் வகை ஒன்று உண்டு. அதைப் பொடித்தால், சிறிது சிறிதாக இரத்தத்தில் சேர வேண்டியது ஒரேயடியாகச் சேர்ந்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, தாம் லித்தியம் சாப்பிடுகிறோம் என்பதே உங்கள் தம்பிக்குத் தெரியாமல் இருப்பது. குணப்படுத்தும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைந்த மருந்து அது. அவ்வப்போது இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்வது அதனால்தான். யார்டு வெயிலில் வியர்த்துக் கொட்டி, தண்ணீர் குடிக்காமல் விட்டாலோ, வயிற்றுப்போக்கு வந்தாலோ, இடுப்பு வலிக்கென்று மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொண்டாலோ அந்த அளவு ஏறிவிடக்கூடும். கை கடுமையாக நடுங்குதல், வாந்தி, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் ஆகியவை தெரிந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இவற்றை முதலில் அறிந்திருக்க வேண்டியவர் அவர்தான்.

உங்கள் அம்மாவை நான் குறை சொல்லவில்லை. என் சித்தப்பா இப்படி வீடு திரும்பியபோது நாங்களும் சவர பிளேடை ஒளித்துவைத்தோம், குளியலறைக் கதவை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தட்டினோம், இரவில் டார்ச் அடித்து அவர் தூங்குகிறாரா என்று பார்த்தோம். ஒருநாள் அவர் கண்ணைத் திறக்காமலே, "வார்டில்கூட மூஞ்சிக்கு நேரா அடிக்க மாட்டாங்கடா" என்றார்.

1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும், மனநல மருத்துவமனைகளிலிருந்து வெளியேறியவர்கள் பிறகு எப்படி இருக்கிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களைவிட, உடன்பிறந்தாரோடும் வாடகை அறைகளிலும் தங்கியவர்கள் நன்றாக இருந்தது அவர்களுக்கே வியப்பாக இருந்தது. ஓயாமல் குறை சொல்வதும், மூச்சு முட்டும் அளவுக்குத் தாங்குவதும் நோய் திரும்பி வர இடம் கொடுக்கின்றன என்பது பிந்தைய ஆய்வுகளில் தெளிவாயிற்று. ஒற்றை அறையும் ஒரு தடுப்பும் உள்ள வீட்டில் விலகியிருப்பது எளிதல்ல என்று எனக்குத் தெரியும். மாலையில் ஒரு மணி நேரம் அவர் தனியே நடந்துவிட்டு வரட்டும், போனில் விரட்டாதீர்கள்.

ஆனால் காவலே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். வீடு திரும்பிய முதல் சில வாரங்களிலும் மாதங்களிலும்தான் தற்கொலை ஆபத்து மிக அதிகம். மொத்தமாக விழுங்கினால் லித்தியம் உயிரையே எடுக்கும். ஆகவே ஒரு வாரத்துக்கான மாத்திரை மட்டும் வெளியே இருக்கட்டும், மிச்சம் பூட்டில் இருக்கட்டும். அதை ஏன் பூட்டுகிறீர்கள் என்பதை அவரிடமே சொல்லிவிட்டுப் பூட்டுங்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. நள்ளிரவில் கைகால் ஓடாவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

மாத்திரை ஏன் வேண்டாம் என்றார் என்பதை உங்கள் கடிதம் சொல்லவில்லை. கை நடுக்கமா, ஓயாத தாகமா, உடல் பருத்ததா? கேட்டுக்கொண்டு, அடுத்த ஓ.பி. நாளுக்குக் காத்திராமல் இந்த வாரமே அவரையும் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். பொடித்துக் கொடுத்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, வீட்டுக்கு அனுப்பும்போது அடுத்த கட்டச் சிகிச்சை பற்றி நோயாளியிடமும் கலந்து பேச வேண்டும். யார்டில் நைட் ஷிஃப்டைத் தவிர்க்க ஒரு சான்று கேட்டு வாங்குங்கள். தூக்கம் கெட்டால் இந்த நோய் மீண்டும் கிளம்பும்.

ரச விஷயத்தை அம்மாவே அவரிடம் சொல்ல வேண்டும். கோபப்படுவார். சில நாள் வீட்டுச் சோற்றைத் தொடாமல் கையேந்தி பவனில் இட்லி தின்பார்; தின்னட்டும். திரும்பி உட்காரும் நாளில் ஒரே பாத்திரத்திலிருந்து ரசத்தை ஊற்றி, அம்மா முதலில் சாப்பிடட்டும்.