அட்டைப் பட்டியல் பழகிய கை

கேள்வி: மயிலாப்பூரில் பள்ளி நூலகர் நான். நூல் விவரங்களை அட்டைகளில் எழுதி அடுக்கும் அட்டைப் பட்டியலில் பழகியவள். பிள்ளைகளுக்கு இணையத்தில் தேடக் கற்றுக்கொடுங்கள் என்கிறார் தலைமையாசிரியை. எங்கே தொடங்குவது?

பதில்: அட்டைப் பட்டியல் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது, அம்மா. நூல் எதைப் பற்றியது என்று பார்த்துப் பொருள்தலைப்பு பிடிக்கிற அதே புத்திதான் இங்கேயும். போன மாதம் என் பேத்தி பள்ளிப் பாடத்துக்காகப் பக்கிங்காம் கால்வாயைத் தேடினாள். முழு வாக்கியமாக அடித்தாள்; வந்ததில் பாதி வீட்டுமனை விளம்பரம்! பெயரை இரட்டை மேற்கோளுக்குள் போட்டு, பக்கத்தில் ‘வரலாறு’ சேர்த்ததும் குப்பை குறைந்தது. அப்புறம் ‘பக்கிங்ஹாம்’ என்றும் அடிக்கச் சொன்னேன். புதிதாகச் சில பக்கங்கள் வந்தன. மேற்கோளுக்குள் ஓர் எழுத்து மாறினாலும் கணினிக்கு அது வேறு சொல். தமிழில் இந்தத் தொல்லை அதிகம்.

ஆங்கிலத்தில் ‘சைட்’ (site) என்று அடித்து, முக்காற்புள்ளி (:) வைத்து, இடைவெளி விடாமல் தள முகவரியைச் சேர்த்தால் கூகுள் அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடும். பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது, இலவசம். பாடம் சார்ந்தவற்றுக்கு கரக்பூர் ஐஐடி நடத்தும் தேசிய மின்னூலகம்.

எந்தச் சொல்லைப் போட்டு எது கிடைத்தது என்று எழுதி வையுங்கள். சரி, எதில் எழுதுவது என்கிறீர்களா? நான் இன்னும் பழைய பட்டியல் அட்டைகளின் பின்பக்கத்தில்தான் எழுதுகிறேன்.