உடலுணர்வுப் படிவத்தில் மதிப்பெண் குறைந்தால் வலி பொய்யாகிவிடுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 47 வயது. குடியாத்தத்தில் இருக்கிறோம். பேரணாம்பட்டு பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பல வருடங்களாக அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைக்கிறார். நான்கு வருடமாக இடுப்புவலி. போன மாதம் பிசியோதெரபிக்குப் போன இடத்தில் உடலுணர்வைப் பார்க்கிறோம் என்று 37 கேள்விகள் உள்ள ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். ‘உடம்பில் எங்கே இறுக்கம் இருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது’ என்கிற மாதிரியான கேள்விகள். கடைசியில் ‘நூற்றுக்கு 38, ரொம்பக் குறைவு’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அம்மா சரியாகத் தூங்குவதில்லை. வலி மனசில்தான் என்று அர்த்தமா? எங்களுக்குத் தெரிந்த ஒருவர், கையில் கம்பி பிடித்தால் உடம்பு முழுவதையும் துல்லியமாகக் காட்டும் மெஷின் ஒன்று கேம்ப்புக்கு வருகிறது, 2,500 ரூபாய் கட்டுங்கள், அந்த ரிப்போர்ட்டை வைத்து மாற்றுத்திறனாளி சான்றிதழும் வாங்கித் தருகிறேன் என்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள். அந்த மெஷினைப் பற்றிப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். முதலில் அம்மாவின் தூக்கம்.

அந்தப் படிவம் வலியை அளக்கவே இல்லை. வலி நிஜமா, எவ்வளவு என்ற கேள்விக்கு அதில் இடமே கிடையாது. தன் உடம்பிலிருந்து வரும் சேதிகளை ஒருவர் எப்படிக் கவனிக்கிறார், கவனித்ததும் பயப்படுகிறாரா, உடம்பை நம்புகிறாரா என்பதைத்தான் அது கேட்கிறது. வலி விஷயத்தில் உலக அளவிலான நிபுணர் சங்கம் 2020-ல் வலிக்கான வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று அந்த வரையறையோடேயே எழுதி வைத்தது. ஆகவே அம்மா வலிக்கிறது என்றால் வலிக்கிறது. எந்தப் படிவத்தாலும் அதை ரத்து செய்ய முடியாது.

அடுத்து அந்த 38. நீங்கள் சொல்லும் கேள்வியையும் 37 என்ற எண்ணிக்கையையும் பார்த்தால், அது மையா என்று சுருக்கமாகச் சொல்லும் படிவத்தின் இரண்டாவது வடிவமாகத்தான் இருக்க வேண்டும். அமெரிக்காவில் வுல்ஃப் மேலிங் என்ற மருத்துவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2012-ல் 32 கேள்விகளோடு கொண்டுவந்தார்கள். 2018-ல் திருத்தி 37 ஆக்கினார்கள். அதில் எட்டுப் பகுதிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பகுதிக்கும் 0 முதல் 5 வரை தனித்தனியாகச் சராசரி போட வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி நூற்றுக்கு இத்தனை என்று சொல்வது அதன் முறையே கிடையாது. பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி பாஸ், ஃபெயில் என்று ஒரு கோடும் கிடையாது. போதாததற்குச் சில கேள்விகளுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும்: ‘எப்போதும்’ என்று டிக் அடித்தால் 5 இல்லை, 0. இதை மறந்துவிட்டு அப்படியே கூட்டினால் வருகிற எண்ணுக்குப் பொருளே இல்லை. யாரோ அவசரத்தில் கூட்டி, நூற்றுக்கு மாற்றி, சிவப்புப் பேனாவால் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு குடும்பம் ஒரு மாதமாக அதை வைத்துக்கொண்டு கலங்குகிறது.

எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். வெளிநோயாளிகள் வரிசையில் ஒருவருக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் பெரிது. படிவத்தைக் கையில் திணித்து ‘வெளியே உட்கார்ந்து நிரப்பிக்கொண்டு வாங்க’ என்று அனுப்புகிறார்கள். கண்ணாடி வீட்டில் இருக்கும். பக்கத்து நாற்காலியில் இருப்பவர் எட்டிப் பார்ப்பார். கூட வந்த பையன் ‘அம்மா, இதுக்கு ஆமான்னு போட்டுடறேன்’ என்று தானே டிக் அடித்துக்கொண்டு போவான். நம் பக்கத்தில் வீட்டில் உருதோ தெலுங்கோ பேசி, தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வியை நிதானமாகப் படித்துக் காட்ட வேண்டும். இருபது நிமிட வேலை. அந்த இருபது நிமிடத்தை ஒதுக்காத இடத்தில் இந்தப் படிவத்தைக் கொடுக்காமலே இருக்கலாம்.

அம்மாவின் விஷயத்தில் மதிப்பெண் எங்கே குறைந்திருக்கும் என்று என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. வலியையோ அசௌகரியத்தையோ கண்டுகொள்ளாமல் தள்ளிவிட்டு வேலையைத் தொடர்கிறீர்களா என்று ஒரு பகுதி கேட்கும். தையல் மெஷினில் குனிந்து உட்கார்ந்திருக்கும் பெண் அதற்கு என்ன பதில் சொல்வார்? ஒரு அப்பரைத் தைத்து முடிப்பதற்குள் அடுத்தது வந்து விழுகிறது. மணிக்கு இத்தனை என்று கணக்கு இருக்கிறது. சூப்பர்வைசர் பின்னாலேயே நிற்கிறார். ‘எப்போதும்’ என்றுதான் டிக் அடிப்பார். மதிப்பெண் அடியோடு இறங்கும். அது குறையா? பிழைப்புக்காகப் பழகிக்கொண்ட பழக்கம். படிவம் அதைப் பதிவு செய்ததில் தப்பில்லை. ஏன் என்று கேட்காமல் ‘ரொம்பக் குறைவு’ என்று எழுதியதுதான் தப்பு.

அதே சமயம், உடம்பைக் கவனிப்பது அதிகமானால் நல்லது என்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நாள்பட்ட வலி, அதாவது மூன்று மாதத்தைத் தாண்டிய வலி உள்ளவர்களில் பலர் உடம்பையே காவல் காக்கிறார்கள். சுரீர் என்றால் போதும், டிஸ்க் நகர்ந்துவிட்டது, இனி படுக்கைதான் என்று மனசு ஓடும். அதுவும் கவனிப்புதான், ஆனால் பயத்தோடு கவனிப்பது. அது வலியைக் கூட்டும். பயமில்லாமல், ‘இப்போது இடதுபக்கம் இறுகுகிறது, கொஞ்சம் நிமிர்ந்தால் தளர்கிறது’ என்று கவனிப்பது வேறு. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்காகத்தான் எட்டுப் பகுதிகள். கூட்டிப் போட்டால் அந்த வித்தியாசம் காணாமல் போகிறது.

இடுப்புவலிக்கு எனக்கு அதிகம் உதவுவது இன்னொரு சின்னப் படிவம். 2014-ல் ஆஸ்திரேலியாவில் வந்தது. ஃப்ரிமேண்டில் முதுகுணர்வுப் படிவம் என்று பெயர். ஒன்பதே கேள்விகள். முதுகு என் உடம்போடு சேர்ந்ததாகத் தோன்றவில்லை, அது எந்த நிலையில் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரியவில்லை, வீங்கின மாதிரி இருக்கிறது, ஒரு பக்கம் கோணின மாதிரி இருக்கிறது, இப்படி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 36. இதில் எண் கூடினால்தான் உணர்வு மங்கியிருக்கிறது என்று பொருள். முன்னதில் பெரும்பாலும் எண் குறைந்தால் கவலை, இதில் கூடினால் கவலை. இரண்டையும் ஒரே ஃபைலில் வைத்துப் பார்ப்பவர்கள் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன். எந்தத் திசையில் போனால் நல்லது என்று கேட்டுத் தாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

காகிதத்தில் முதுகின் படத்தைப் பாதி மட்டும் போட்டுக் கொடுத்து, ‘தொட்டுப் பார்க்காமல், கண்ணாடி பார்க்காமல், உங்களுக்கு உள்ளே எப்படித் தெரிகிறதோ அப்படி மீதியை வரையுங்கள்’ என்று சொல்வதும் உண்டு. லொரிமர் மோஸ்லி என்ற ஆய்வாளர் 2008-ல் சில முதுகுவலி நோயாளிகளிடம் இதைச் செய்து பார்த்தார். வலி இருக்கும் இடத்தின் ஓரக்கோடு அவர்களுக்குப் பிடிபடவில்லை. நம்மூரிலும் அப்படித்தான். பென்சில் தோளிலிருந்து சரசரவென்று இறங்கி வரும், வலிக்கும் பக்கத்தின் இடுப்புக்கு வந்ததும் நின்றுவிடும். அவ்வளவு வலிக்கிற இடம், ஆனால் அதன் உருவம் தெரியவில்லை. மொட்டையான இரண்டு முனைகளால் ஒரே நேரத்தில் தொட்டு, ஒன்றா இரண்டா என்று கேட்கும் சோதனையும் இதே வகைதான். விரல் நுனியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியே இரண்டாகத் தெரியும். கீழ்முதுகில் வலி இல்லாதவர்களுக்கே நாலைந்து சென்டிமீட்டர் வேண்டும். நாள்பட்ட வலி இருந்தால் அது இன்னும் கூடுவது சகஜம். மூளை அந்த இடத்தை வைத்திருக்கும் படம் மங்கிப்போகிறது என்று விளக்கம் சொல்கிறார்கள். பயிற்சியால் இதைத் தேற்றவும் முயற்சி செய்யலாம். பாருங்கள், இதற்கெல்லாம் தேவைப்பட்டது ஒரு பென்சில், ஒரு தாள், இரண்டு முனை. 2,500 ரூபாய் எங்கே வந்தது?

இப்போது அந்த மெஷின். கையில் ஒரு உலோகக் கம்பி, ஒயர் போய் லேப்டாப்பில் சேரும். ஒன்றிரண்டு நிமிடத்தில் கல்லீரல், சிறுநீரகம், எலும்பு, ‘நரம்பு பலம்’ என்று முப்பது நாற்பது பக்கம் பிரிண்ட் வரும். குவாண்டம் அனலைசர் என்பார்கள். கம்பியைப் பிடித்த உள்ளங்கையிலிருந்து உங்கள் இடுப்பின் நிலையைத் தெரிந்துகொள்ள எந்த வழியும் இல்லை. அதன் ரிப்போர்ட்டுக்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. முழு ரிப்போர்ட்டும் கடைசிப் பக்கத்துக்காகத்தான் தயாராகிறது, அங்கே பவுடரும் மாத்திரை டப்பாவும் எழுதியிருக்கும். கல்யாண மண்டபத்தில் கேம்ப் போடுகிறவர் அடுத்த வாரம் வேறு ஊரில் இருப்பார். கூட்டிக்கொண்டு வந்தவருக்குத் தலைக்கு இத்தனை என்று கமிஷன். வேலூரில் பஸ் ஸ்டாண்டை விட்டு இறங்கும்போதே ‘எந்த ஆஸ்பத்திரிம்மா, எனக்கு ஆள் தெரியும்’ என்று கேட்பவர்களும் இதே வழியில் பிழைப்பவர்கள்தான். டாக்டர் சீட்டு இல்லாமல் ‘ஒரு ஸ்கேன் எடுத்துடலாம்’ என்று யார் சொன்னாலும் நகர்ந்துவிடுங்கள். வலியே இல்லாத நாற்பது வயதுக்காரர்களை ஸ்கேன் செய்தாலே சுமார் பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் தெரியும்.

சான்றிதழ் பேச்சு அதைவிட மோசம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் இருக்கின்றன. நாள்பட்ட வலி தனியாக அதில் இல்லை. கை கால் இயக்கத்தில் நிரந்தரக் குறைபாடு இருந்தால் அரசு மருத்துவக் குழு நேரில் பார்த்துச் சதவீதம் போடும். பெரும்பாலான சலுகைகளுக்கு அது 40-ஐத் தொட வேண்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது. உடலுணர்வுப் படிவத்தையோ கம்பி மெஷின் ரிப்போர்ட்டையோ அந்தக் குழு பார்க்காது. போலியாக வாங்கினால் அம்மா மேலேயே வழக்கு வரலாம். அம்மாவுக்குச் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் நேர்மையான வழி ஒன்று இருக்கிறது: சந்தா செலுத்திய நாள் கணக்கு நிறைந்திருந்தால், இ.எஸ்.ஐ. மருத்துவர் விடுப்புச் சான்று கொடுக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஒரு கையெழுத்துக்கு மூன்று தடவை அலைய வைப்பார்கள் என்பது எனக்கும் தெரியும். உரிமையோடு வாங்க வேண்டிய பணத்துக்கு ஒரு தொழிலாளியை வேலை நாளில் அலைய விடுவது நியாயமே இல்லை. அந்த அலைச்சலில்தான் புரோக்கர்கள் முளைக்கிறார்கள். இருந்தாலும் நீங்கள் அந்த வழியிலேயே போங்கள்.

நான் இதுவரை சொன்னதெல்லாம் பொருந்தாத ஒரு நிலை உண்டு. இதை இரண்டு முறை படியுங்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா? பாதம் மரத்துப்போகிறதா? செருப்பு கழன்றது தெரியாமல் நடக்கிறாரா? தோலில் எங்காவது நிறம் வெளுத்து உணர்ச்சி இல்லாத படை இருக்கிறதா? அப்படியென்றால் அது கவனிப்பில் உள்ள குறை இல்லை, நரம்பிலேயே கோளாறு இருக்கலாம். அதற்குக் கேள்விப் படிவமும் மூச்சுப் பயிற்சியும் போதாது. இதை இந்த மண்ணில் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. 1946-ல் வேலூருக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், தொழுநோயாளிகளின் கை கால் புண்கள் சதை தானாக அழுகி வருபவை அல்ல, வலி தெரியாததால் சுட்டும் வெட்டியும் அழுத்தியும் வருபவை என்று காட்டினார். வேலூரை அடுத்த கரிகிரியில் 1955-லிருந்து தொழுநோய்க்கான மருத்துவமனை இயங்குகிறது. பாதத்தில் உணர்ச்சியைச் சோதிக்க ஒரு நைலான் இழை போதும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் அந்த இழை பட்டது தெரியவில்லை என்றால் பாதத்தைத் தினமும் கண்ணால் பார்த்துக் காப்பாற்ற வேண்டும். சர்க்கரை நோய்ப் பிரிவு உள்ள எந்த மருத்துவமனையிலும் கேட்டால் செய்வார்கள். மரத்துப்போகிறது என்று அம்மா ஒரு தடவை சொல்லியிருந்தால்கூட, அடுத்த முறை அந்தச் சோதனையை நீங்களே கேளுங்கள். ‘வயசானா அப்படித்தான்’ என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

இடுப்புவலியோடு உட்காரும் இடத்தைச் சுற்றி மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, கால் பலம் குறைந்துகொண்டே வந்தாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். நாளைக்கு என்று தள்ளக் கூடாது.

அப்படியெல்லாம் இல்லை என்றால், பழைய இடத்துக்கே திரும்பப் போய், எட்டுப் பகுதிக்கும் தனித்தனி எண் கேளுங்கள். படிவத்தை அம்மாவே, கண்ணாடி போட்டுக்கொண்டு, வேலை முடிந்து களைத்து வந்த நேரத்தில் இல்லாமல், இன்னொரு தடவை நிரப்பட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டலாம், பதில் சொல்லிக் கொடுக்கக் கூடாது. முதுகுப் படிவமும் பென்சில் படமும் செய்ய முடியுமா என்று கேளுங்கள். தேதி போட்டு நகல் எடுத்து வீட்டில் வையுங்கள். இரண்டு மூன்று மாதம் பயிற்சி செய்த பிறகு அதே படிவத்தை அதே ஆளிடம் மறுபடி நிரப்பி, பழைய எண்ணோடு ஒப்பிடச் சொல்லுங்கள். அடுத்த வீட்டு அம்மாவின் எண்ணோடு ஒப்பிடுவதில் பயனில்லை. எண் அசையாமலே இருந்து, அம்மா முன்பைவிட அதிக நேரம் நிற்கவும் நடக்கவும் தூங்கவும் செய்கிறார் என்றால், எண்ணை விட்டுவிட்டு அதே பயிற்சியைத் தொடருங்கள்.